ஐந்து வாரம் முன்னால்

என்னைவிட ஐந்து வாரம் முன்னால் நடக்கிறாள் யோகமலர்.
விடியாத செம்பனைக் காட்டு மண்சாலையில்
டார்ச் வைத்திருப்பவள் திரும்பிச் சொல்வதைப் போல
'பள்ளம், பாத்து வா' என்கிறாள் அவ்வப்போது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
இந்தப் பக்கம் என் கட்டில், அந்தப் பக்கம் அவள் அடுப்பு.
இரண்டு தட்டு என்றால் வா.
ஒன்று என்றால் பிள்ளை பந்தை எறிகிறது.

இருபத்திரண்டாம் வாரம் சொன்னாள்:
குனிஞ்சு தூக்காதே அவனை.
நாற்காலியில ஏறச் சொல்லு,
அங்கேருந்து இடுப்புக்கு வாங்கிக்கோ.
சர்வினுக்கு ஒன்றே முக்கால் வயது.
இப்போது நாற்காலியை அவனே இழுத்துக்கொண்டு
வீடு முழுக்க என் பின்னால் வருகிறான்.
தரை ஓடெல்லாம் கீறல்.
அதற்கு அவளிடம் யோசனை இல்லை.

ரத்த மாத்திரையைத் தேத்தண்ணியோட விழுங்காதே,
ஆரஞ்சு உரிச்சு வை.
உரித்தேன். சர்வின் தின்றான்.
'அப்போ ரெண்டு உரி.'

பேராங் சந்தையில் கீரைக்காரி முதல்
மாமியாரின் தங்கை வரை
எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள்.
அதெல்லாம் கரையேறித் தலை துவட்டியவர்கள் பேச்சு.
இவள் மட்டும்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

சீனித்தண்ணிச் சோதனைக்குப் போன காலை
பையனை அவள் வாங்கிக்கொண்டாள்.
'பட்டினியா உக்காந்திருப்பே,
இவன் கறிபாப்பைக் கடிச்சுக் கடிச்சு
உன் மூஞ்சியில காட்டுவான்.'
மிசி நோராய்னி என் புத்தகத்தில்
மஞ்சள் வில்லை ஒட்டி அனுப்பினார்.
பஸ்ஸில் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
'எனக்கும் மஞ்சள்தான்' என்றாள்.
'சோத்தைக் குறை. அழுகையைக் குறைக்காதே.'

முப்பதாம் வாரம் ஒரு சாயங்காலம்
குலை ஏற்றிய லாரி திரும்பும்போது
சிவப்புப் பழம் ஒன்று ரோட்டில் உருண்டது.
சர்வின் அதன் பின்னால் ஓடினான்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி
அவனை இழுத்து
அடித்தேன்.
ஒரு முறை பயத்தில்.
இரண்டாவது எதற்கென்று
இன்றுவரை தெரியவில்லை.
அவன் அழவில்லை. கையிலிருந்த பழத்தை
என்னிடம் நீட்டினான்.

சுவரைத் தட்டினேன். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.
வந்தாள். விளக்கைப் போட்டாள்.
தரையில் என் பக்கத்தில்
அவளும் அவள் வயிறுமாய்ச் சிரமப்பட்டு உட்கார்ந்தாள்.
ரொம்ப நேரம் கழித்து, 'நேத்து நானும்' என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

போன செவ்வாய் நடுராத்திரி சுவர் தட்டியது.
தூங்குகிற தியாவை என் கட்டிலில் கிடத்திவிட்டு
சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.
இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.
வெளியிலிருந்து நான்கு பாதம் உதைக்க
உள்ளிருப்பதும் பதிலுக்கு உதைத்தது.
இடதுபக்கமாய்ப் படு என்று சொன்னவளே,
எந்த இடது?

மூன்றாம் நாள், மழைக்குச் சற்று முன், கார் வந்தது.
இறங்கியவள் கையில் குழந்தை இல்லை.
அது துணிப்பொதியாய் ஜெயசீலன் தோளில்.
நடக்க வலிக்கிறது, தெரிந்தது.
ஆனாலும் கேட்டைப் பிடித்து மெல்ல முட்டி போட்டு
காலியான இரண்டு கையையும் விரித்தாள்.

தியா என் கைலியைப் பிடித்துக்கொண்டு
அம்மாவை அளந்தாள்.
இறங்கிப்போன வயிற்றை அளந்தாள்.
ஒரு லாரி கடந்துபோகிற நேரம்.
பிறகு ஓடினாள்.

மகளின் தலைக்கு மேலாக
யோகமலர் என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
முப்பத்து நான்காம் வாரம்.
பார்த்துக்கொண்டேன்.

ராத்திரி சுவரில் இரண்டு தட்டு.
சூப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
தெரு முழுக்கக் கேட்கும்படி
நாற்காலியை இழுத்துக்கொண்டு
பின்னால் வந்தான் சர்வின்.